டென்மார்க்கின் எண்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு டொலினா மக்ஸ்வீனின் கைபேசி அடித்தது. வடக்குக் கடலில் ஹாரிஸ் என்ற பெரிய தீவை ஒட்டிய அந்தச் சின்னத் தீவில் ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் ஒன்று யாராவது செத்திருக்க வேண்டும், இல்லை கூப்பிடுகிறவர் வெளியூராக இருக்க வேண்டும். அன்றைக்கு அங்கே கர்த்தரின் ஓய்வுநாள். துணி உலர்த்துவதில்லை, வலை தைப்பதில்லை, உருளைக்கிழங்கைக்கூட சனிக்கிழமையே தோல் சீவித் தண்ணீரில் போட்டு வைத்துவிடுவார்கள். டொலினா போனைத் தலையணைக்கு அடியில் தள்ளத்தான் போனாள். லொரெய்ன் என்ற பெயரைப் பார்த்ததும் எடுத்துவிட்டாள்.

லொரெய்ன் கிளாஸ்கோ பக்கத்துச் சரக்குக் கிடங்கில் ஏற்றுமதிக் காகிதம் பார்க்கிறவள். நேற்றுக் காலைப் படகில் டொலினா ஏற்றிவிட்ட இறால் பெட்டிகள் இப்போது அவள் கிடங்கில் இருந்தன.

"டொலினா, உன் நம்பர் செத்துப்போச்சும்மா."

"எந்த நம்பர்?"

"சுங்க நம்பர்தான். ஜிபின்னு ஆரம்பிக்குமே, அது. நாலு தடவ அடிச்சுப் பாத்துட்டேன். ரத்துன்னு காட்டுது."

"போன தடவ நல்லாத்தானே இருந்துச்சு?"

"போன தடவ டிசம்பர்ல. இது மார்ச்சு. நடுவுல என்ன பண்ணினியோ எனக்குத் தெரியாது. லாரி ரெண்டு மணிக்குக் கெளம்புது. அதுக்குள்ள உசிரோட இருக்கிற ஒரு நம்பரக் குடு. இல்லேன்னா உன் பெட்டிய ஏத்தமாட்டேன். ஏத்தினா, உன்னால மத்த பன்னெண்டு பேரோட சரக்கையும் டோவர் துறைமுகத்துல மறிச்சுப் போடுவாங்க."

ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்று லொரெய்ன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்த இறால்கள் நண்டுபோல் கொடுக்கு உள்ள ரகம், உயிரோடு போகிறவை. ஒன்றை ஒன்று கொடுக்கால் கிழித்துக்கொள்ளாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குழல், ஈரம், குளிர். தண்ணீரைவிட்டு எடுத்தால் மூன்று நாள் தாங்கும், நான்காம் நாள் தலை தொங்கிவிடும். ஸ்பெயினில் வாங்குகிற ஃபெர்மின், செத்த இறாலுக்கு நன்றி சொல்கிற ரகமில்லை. டிசம்பரில் போன சரக்கு எல்லையில் மாட்டிக்கொண்டு பாதி செத்துப் போனபோதே சொல்லிவிட்டான். இன்னொரு தடவை இப்படி ஆனால் நான் அயர்லாந்துப் படகுக்காரர்களிடம் போய்விடுவேன் என்றான். ஃபெர்மினை விட்டால் இவர்களுக்கு வேறு ஆளில்லை. அவன் போனால் படகும் போகும்.

டொலினா கூடத்துக்கு ஓடினாள். அவள் புருஷன் டோனல்ட் மேசையில் வேதத்தின் சங்கீதப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மெல்ல ராகம் இழுத்துக்கொண்டிருந்தான். கோவிலில் பாட்டு எடுத்துக் கொடுப்பவன் அவன். வாத்தியம் கிடையாது. அவன் ஒரு வரி பாட, சபை பின்னால் பாடும்.

"நம்பர் செத்துப்போச்சாம்."

"நாளைக்குப் பாத்துக்கலாம்."

"நாளைக்கு இறாலுக்கு ஜெபந்தான் பண்ணணும். ரெண்டு மணிக்கு லாரி போகுதுய்யா."

டோனல்ட் ராகத்தை நிறுத்தினான். "இன்னிக்கு என்ன கெழம?"

"கெழம தெரியாமலா நான் இப்படி நாயா அலையறேன்? நீ பாடு, பாடு. பட்டகோனியால ஆடு மேய்ச்ச பரம்பரைதானே. அவசரம்னா என்னன்னு ரத்தத்துலயே கெடையாது."

தாத்தா தென்னமெரிக்காவில் ஆடு மேய்த்துவிட்டு வந்ததால் டோனல்டுக்குப் பட்டகோனியா என்று பெயர். தீவில் டோனல்ட் மக்ஸ்வீன்கள் ஐந்து பேர். பட்டப்பெயர் இல்லாவிட்டால் யாருக்கு யார் கருவாடு அனுப்புகிறார்கள் என்றே தெரியாது. தபால்கார நார்மன் முப்பது வருஷமாக முகவரி என்று ஒன்றைப் படித்ததே இல்லை. உறையைத் திருப்பிப் பார்ப்பான், முகத்தைச் சுளிப்பான், இது பட்டகோனியா வீட்டுக்கு, இது டென்மார்க் வீட்டுக்கு என்று போட்டுவிட்டுப் போவான். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதனால் தீவில் வேறு யாரும்கூட முகவரியைப் படிப்பதில்லை.

டொலினா இரும்புப் பெட்டியைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்தாள். நாடு ஐரோப்பாவைவிட்டுப் பிரிந்து எல்லை போட்ட வருஷம், ஐரோப்பாவுக்கு ஒரு மீன் முள் அனுப்புவதென்றாலும் சுங்க எண் வேண்டும் என்று வந்தபோது, தீவிலேயே முதலில் விண்ணப்பம் போட்டவள் அவள்தான். பத்து நாளில் பழுப்பு உறை வந்தது. எண்ணைப் பார்த்தாள், பெட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டு அச்சடித்தாள். அதற்குப் பிறகு கடிதத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தாள். திரு. டோனல்ட் மக்ஸ்வீன் என்று இருந்தது. அதற்குக் கீழே வீட்டு எண் பதினான்கு.

அவர்கள் வீடு நான்கு.

பதினான்கு, இன்னொரு டோனல்ட் மக்ஸ்வீனான டென்மார்க்கின் வீடு. படகு இஞ்சின் பழுது பார்த்தவர், உதிரி பாகமெல்லாம் டென்மார்க்கிலிருந்து வரவழைத்ததால் அந்தப் பெயர். அவருக்கும் அதே வாரம் இதே மாதிரி பழுப்பு உறை வந்திருக்கும். நார்மன் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்திருக்கிறான். மூன்று வருஷமாக டொலினா இன்னொருத்தர் எண்ணில் இறால் அனுப்பியிருக்கிறாள். தீவில் பாதிப் பேருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிற டொலினா! படகு உரிமம், ஆட்டு மானியம், ஓய்வூதியம் எல்லாவற்றுக்கும் அவள் சமையலறைக்குத்தான் வருவார்கள். கட்டம் கட்டமாகப் பார்த்து, இந்தா, பிறந்த தேதிய மாத்தி எழுதியிருக்கே, கண்ணு எங்க இருக்கு என்று அவர்களைத் திட்டுகிறவள்.

கணினியைத் திறந்தாள். அரசாங்கத் தளம் மரியாதையாகச் சொன்னது: உங்களுக்கு எண் ஏற்கெனவே வழங்கப்பட்டுள்ளது, தபாலில் வந்த கடிதத்தைப் பார்க்கவும். உதவி எண்ணுக்கு அடித்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை என்று ஒரு பெண் குரல் இனிமையாகச் சொன்னது. அந்தக் குரலின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது டொலினாவுக்கு.

ஆக, அவளுடைய சொந்த எண் உலகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. டென்மார்க்கின் வீட்டில், ஏதோ ஒரு மூலையில். அவரோ சபையின் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுகூட வேலையா இல்லையா என்று யோசிக்கிற மனிதர்.

பத்தரை ஆயிற்று. கோட்டை மாட்டினாள், கழற்றினாள். அவர் வீட்டுக் கதவை அந்நேரத்தில் தட்டினால் மனிதர் ஜெபத்தில் இருப்பார். திறக்கமாட்டார். மறுபடி கோட்டை மாட்டினாள். ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்தாள். டோனல்ட் அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தான், அப்புறம் சங்கீதப் புத்தகத்துக்குள்ளேயே முகத்தைப் புதைத்துக்கொண்டான். புத்திசாலி.

பதினொன்றரைக்கு அவள் அந்தக் கடிதத்தைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு கோவில் வாசலில் இருந்தாள். ஆராதனை பன்னிரண்டுக்கு. டென்மார்க் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகக் காணிக்கைத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தைந்து வயது, முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஆனாலும் சாய்ந்து நிற்கமாட்டார். தூரத்து உறவில் டொலினாவுக்குச் சித்தப்பா முறை.

"சித்தப்பா, ஒரே ஒரு விஷயம். மூணு வருஷம் முன்னாடி உங்களுக்கு ஒரு பழுப்புக் கவர் வந்திச்சா?"

"இன்னிக்கு அந்தப் பேச்சு வேணாம், டொலினா."

"ரெண்டு மணிக்கு லாரி போயிரும்."

"போகட்டும். ஞாயித்துக்கெழமை லாரி ஓட்டுறது அவங்க பாடு."

"உள்ள இருக்கிறது உசிரு சித்தப்பா. இறால். சாகுது. கெணத்துல விழுந்த மாட்ட ஓய்வுநாள்ல தூக்கலாம்னு வேதத்துல இருக்குன்னு நீங்கதானே சொல்லுவீங்க?"

டென்மார்க் அதை நிஜமாகவே யோசித்தார். அவரிடம் அது ஒரு குணம், எதிரி சொன்னாலும் யோசிப்பார்.

"உசிருக்கு எரக்கம் காட்டணும்னா பெட்டியத் தெறந்து கடல்ல விட்டுரு. அதுக்குன்னா இந்தக் கோட்டோடயே நானும் வந்து தெறக்கறேன்."

"அது கிளாஸ்கோவுல இருக்கு!"

"அப்ப ரெண்டு பேராலயும் முடியாது."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பின்னால் ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். டென்மார்க் தட்டில் விழுந்த நாணயத்தைப் பார்த்தபடியே, யாருக்கோ வானிலை சொல்கிற மாதிரிச் சொன்னார்:

"என் வீட்டுக் கதவப் பூட்டுற பழக்கமே எனக்குக் கெடையாது. எல்லாம் எழுதி ஒட்டித்தான் வச்சிருக்கேன். சரி, உள்ள போ. சங்கீதம் ஆரம்பிச்சிருவாங்க."

டொலினா உள்ளே போகவில்லை. திரும்பி நடந்தாள்.

அதுதான் கஷ்டம். தீவு முழுக்க ஒரே சாலை. தீவே கறுப்பு உடையில் கோவிலை நோக்கி வந்துகொண்டிருந்தது, இவள் ஒருத்தி மட்டும் எதிரே போனாள். ஒவ்வொரு தொப்பியும் திரும்பியது. பள்ளிக்கூடத்துச் சமையல்காரி எஃபி மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டு நின்றே விட்டாள்.

"என்ன டொலினா, கோயில் அந்தப் பக்கம் போயிருச்சா?"

"அடுப்ப அணைக்க மறந்துட்டேன்."

"உன் வீடு இந்தப் பக்கம்ல இருக்கு?"

டொலினா விரிகுடாவைச் சுற்றிப் போகிற சாலையில் வேகமாக நடந்தாள். போன் எடுத்தாயிற்று, கணினி திறந்தாயிற்று, இப்போது பொய்யும் சொல்லியாயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இதுவே அதிகம். இன்னும் அடுத்தவர் வீடு புகுவது பாக்கி இருந்தது.

டென்மார்க்கின் வீட்டில் கணப்பில் நெருப்பு தணிந்து எரிந்தது. பெண்டாட்டி இறந்து ஒன்பது வருஷமாகியும் சமையலறை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. இரண்டு வருஷம் முன்னால் பட்டறையை மூடியபோது அங்கிருந்த இழுப்பறை அலமாரியை அப்படியே தூக்கி வந்து சமையலறையில் வைத்திருந்தார். ஒவ்வொரு இழுப்பறையிலும் பென்சிலால் எழுதி ஒட்டிய சீட்டு: வால்வு, வாஷர், பெல்ட், கரண்டி, மருந்து, வரி.

வரி என்ற இழுப்பறையை இழுத்தாள். மேலாகவே ஓர் உறை இருந்தது. அதன்மேல் பென்சிலில் "டொலினாவுக்கு" என்று எழுதியிருந்தது.

என்ன ஏது என்று யோசிக்க நேரமில்லை. பிரித்தாள். உள்ளே பழுப்புக் கடிதம், டோனல்ட் மக்ஸ்வீன், வீட்டு எண் நான்கு, அவளுடைய எண். போனில் படமெடுத்து லொரெய்னுக்கு அனுப்பினாள். மணி பன்னிரண்டரை. சிக்னல் ஒரு கோடு காட்டியது, காட்டாமலும் போனது. ஜன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றாள். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் கோவிலில் பாட்டு நடந்துகொண்டிருந்தது. தன் புருஷன் ஒரு வரியைத் தனியாக இழுப்பதும், சபை முழுவதும் அதைப் பின்தொடர்வதும் தண்ணீர்மேல் தெளிவாகக் கேட்டது. அவன் குரல் கொஞ்சம் நடுங்குகிறதோ என்று நினைத்தாள். தன் இடம் காலியாக இருப்பதைப் பார்த்திருப்பான்.

ஒன்று பத்துக்குப் பதில் வந்தது. "எடுத்துக்கிச்சு. உன் பெட்டி ஏறியாச்சு. ஒட்டுச்சீட்டெல்லாம் நானே மாத்திட்டேன், அதுக்கு அடுத்த தடவ எனக்குத் தனியா இறால் அனுப்பு."

டொலினா அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபெர்மின் கைவிட்டுப் போகமாட்டான், படகு பிழைத்தது. ஆனால் காலை முதல் உள்ளே ஓடிக்கொண்டிருந்த பதற்றம் நிற்கவில்லை. மேசைமேல் அந்த உறை கிடந்தது. ஜனவரித் தேதி போட்டு உள்ளே ஒரு சீட்டும் இருந்தது.

"டொலினா, உன் பெட்டியில் ஒட்டியிருப்பது என் எண். நடுவில் உள்ள ஒன்பது இலக்கம் என் வரி எண். முப்பது வருஷம் எழுதிய எண்ணைப் படகுத்துறையில் பார்த்தால் எனக்குத் தெரியாதா. பட்டறையை மூடினாலும் உனக்காகத்தான் வரிப் பதிவை விட்டு வைத்திருந்தேன். இப்போது இன்னும் தொழில் செய்கிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். இந்த மாதக் கடைசியில் அந்தப் பதிவும் அதோடு அந்த எண்ணும் போய்விடும். உன் கடிதம் இதோடு இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை."

அவள் இழுப்பறைக்குத் திரும்பினாள். கீழே இரண்டு வருஷத்து வரித்தாள்களின் நகல்கள், மூன்று மாதத்துக்கு ஒன்றாக அடுக்கியிருந்தன. எல்லாக் கட்டத்திலும் பூஜ்யம். விற்பனை பூஜ்யம், வாங்கியது பூஜ்யம். கடைசியாக வரி இலாகாவின் கேள்வித்தாள்: நீங்கள் இப்போது தொழில் செய்கிறீர்களா, அல்லது செய்ய எண்ணுகிறீர்களா? ஆம் என்ற கட்டத்துக்கு மேல் பேனா ஒரு புள்ளி வைத்துவிட்டு எடுத்த அடையாளம் இருந்தது. இல்லை என்ற கட்டத்தில் குறி. கீழே கையெழுத்து.

பூஜ்யம் என்று எழுதுவது உண்மை. அதனால் இரண்டு வருஷம், முழங்கால் வலியோடு உட்கார்ந்து, அவளுக்காகப் பூஜ்யம் பூஜ்யமாக எழுதியிருக்கிறார். ஆம் என்று எழுதுவது பொய். அது மட்டும் அவரால் முடியவில்லை.

அப்போதுதான் அவளுக்கு அந்த ஜனவரிச் செவ்வாய்க்கிழமை ஞாபகம் வந்தது. உரிமம் புதுப்பிக்கிற வாரம், சமையலறையில் எட்டுப் பேர். டென்மார்க் கையில் ஓர் உறையோடு வாசலில் வந்து நின்றார். டொலினா, உன் நம்பர் விஷயமா ஒண்ணு பேசணும், கொஞ்சம் வெளிய வர்றியா என்றார். அவள் தலையைக்கூடத் தூக்கவில்லை. "நம்பரப் பத்தி எனக்கே பாடமா சித்தப்பா? அதான் பட்டறைய மூடியாச்சே, பொழுது போகலையா? பேசணும்னா வரிசையில வாங்க." எல்லாரும் சிரித்தார்கள். எஃபி மேசையைத் தட்டிச் சிரித்தாள். டென்மார்க் உறையைக் கோட்டுக்குள் வைத்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார். அந்த எட்டுப் பேருக்கு முன்னால் உறையை நீட்டி, இந்தா, உன் தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

டொலினாவுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தாள். கதவு வரை போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். ஓடிப்போனால் இன்னும் கேவலம் என்று கடைசியில் உட்கார்ந்தாள்.

இரண்டு மணிக்கு டென்மார்க் வந்தார். அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. தொப்பியை ஆணியில் மாட்டினார். டொலினா கோட்டுப் பையிலிருந்து பதினான்காம் எண் வீட்டுக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

"லாரி போயிருச்சு சித்தப்பா. பெட்டியும் போயிருச்சு."

அவர் நேற்றே செய்து வைத்த சூப்பை அடுப்பில் ஏற்றினார்.

"ஜனவரியில நான்..."

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம."

"நான் வியாபாரம் பேசல. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடறேன். சொல்லாம இருக்க முடியல சித்தப்பா."

"அதுவும் அந்தக் கவரச் சேர்ந்ததுதானே. நாளைக்குப் பேசு."

இரண்டு கிண்ணத்தில் ஊற்றினார், ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார். கண்ணை மூடி நீளமாக ஜெபம் செய்தார். டொலினா கண்ணை மூடவே இல்லை. இஞ்சின் எண்ணெய் இன்னும் போகாத அவருடைய விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலை வரைக்கும் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு எப்படி நடப்பது, எப்படித் தூங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நாளைக்குக் காலைல மொத வேலையா வர்றேன்," என்றாள்.

டென்மார்க் ரொட்டியைப் பிட்டு அவள் தட்டில் வைத்தார்.

"நீ வராத. வீட்டுல எட்டுப் பேரு காத்திருப்பாங்க," என்றார். "நானே வர்றேன். வரிசையில நிக்கிறேன்."